கூட்ரோட்டில் நான் நிற்கவில்லை

தம்பி,

இன்று அமாவாசை. பஸ்ஸெல்லாம் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு மேல்மலையனூருக்குப் போகிறது. செஞ்சி கடைத்தெருவில் பாத்திரம் வாங்க ஒரு ஆள் இல்லை. கல்லாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவேன். போனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். போனில் என்றால் நீ நடுவில் "அதெல்லாம் விடும்மா" என்பாய், நானும் சரி என்று விட்டுவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை நீ போன் செய்து, திங்கட்கிழமை கம்பெனியில் வேலையை விடுவதாகக் கடிதம் கொடுக்கப் போவதாகச் சொன்னாய். வைகாசியில் நைனாவின் முதல் திதி வருவதற்குள் ஊருக்கே வந்து கடையில் உட்காரப் போகிறாயாம். "நைனா கடைசியா சொன்னது மனசுலயே நிக்குதும்மா" என்றாய். நான் "சரிப்பா, சாப்டியா?" என்று கேட்டேன். ஓசூரில் மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டே அதில் இருக்கும் பழுதைச் சொல்கிற அந்த வேலைக்கு நீ எத்தனை படி ஏறி இறங்கினாய் என்று நான் பார்த்தவள். நைனா கடைசியாகச் சொன்னதாக நான் உன்னிடம் சொன்னேனே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். திங்கட்கிழமைக்குள் இதை நீ படித்தாக வேண்டும். பிறகு என்னைத் திட்டு, பேசாமல்கூட இரு. ஆனால் முழுவதும் படி.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் விஷயம் அங்கிருந்துதான் வருகிறது. நைனா போய் நாலாம் மாதம் நீ ஒரு பேட்டரி வண்டியை வாங்கி அனுப்பினாய். மெதுவாகப் போகிற வண்டி, லைசென்ஸ் வேண்டாம், வீட்டுக்கும் கடைக்கும் போய்வரலாம் என்றாய். எனக்கு அதில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. யாரோ வாங்கியது போல நின்றிருந்தது. ரொம்ப நேரம் பலகையில் உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்திருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. போஸ்டாபீஸ் மல்லிகா ஒரு நாள் கடைக்கு வந்து, "அக்கா, வண்டிய வெச்சி இன்னா பூஜையா பண்ற? ஞாயித்துக்கெழம எங்க கூட வா" என்றாள். வேண்டாம் என்று சொல்லக்கூட ஒரு தெம்பு வேண்டுமே, அது இல்லாததால் போனேன்.

பதினோரு பேர். எல்லாரும் பேட்டரி வண்டிக்காரர்கள், பாதிப் பேர் ஐம்பது தாண்டியவர்கள். காலை ஆறு மணிக்குப் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கூடி, ஏதாவது ஒரு ஊர்ப் பக்கம் போய், ஏரிக்கரையிலோ மரத்தடியிலோ கொண்டுபோனதைச் சாப்பிட்டுவிட்டு வெயில் ஏறுவதற்குள் திரும்புவோம். எங்கள் வேகத்தைப் பார்த்தால் மாட்டுவண்டிக்காரன் சிரிப்பான். சார்ஜ் இறங்கிவிட்டால் கண்ட வீட்டு வாசலில் நின்று, "ஒரு அரை மணி நேரம் கரண்ட் குடுங்கம்மா" என்று கேட்க வேண்டும். வயர் நீட்டிக் கொடுத்து, மோரும் கொடுத்து, வண்டி விலை விசாரிக்காத வீடு இந்தப் பக்கத்தில் இல்லை. வல்லம் சாலையில் நெல் வயல் நடுவே பதினோரு வண்டி சத்தமில்லாமல் போகும். எனக்கு அந்தச் சத்தமின்மை பிடித்திருந்தது என்று சொல்லலாம். அந்த ஒரு வருடத்தில் பிடித்தது என்று சொல்ல வேறொன்றும் இல்லை.

எங்களிடம் ஒரே ஒரு சட்டம்தான். எந்தக் கூட்ரோட்டில் சாலை பிரிந்தாலும், முன்னால் போகிறவர்களில் ஒருவர் அங்கே இறங்கி நிற்க வேண்டும். கடைசி வண்டி வந்து திரும்புகிற வரை நகரக் கூடாது. வெயில் அடித்தாலும் நாய் குரைத்தாலும் அப்படித்தான். கடைசி வண்டி எப்போதும் கணக்கு வாத்தியார்தான். அறுபத்தாறு வயது, ரிட்டையர் ஆனவர், சர்க்கரைக்காரர், வண்டியும் பழசு. கழுத்தில் ஆரஞ்சுத் துண்டு கட்டியிருப்பார். துண்டு தெரிந்தால்தான் நிற்கிறவருக்கு விடுதலை. நான் இரண்டு மூன்று முறை நின்றிருக்கிறேன். நிற்பது எனக்குச் சுலபம். மனசு ஓடினால்தானே கால் கடுக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை மேல்சித்தாமூர்ப் பக்கம் போனோம். ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ஏரிக்குப் பிரிகிற கூட்ரோட்டில் என்னை நிற்கச் சொல்லிவிட்டு எல்லாரும் ஏரிப் பக்கம் திரும்பிப் போனார்கள். இட்லி டப்பா என் வண்டியில். ஒன்பது வண்டியும் போய்விட்டது, வாத்தியார் மட்டும் வரவில்லை. பங்குனி வெயில் எட்டு மணிக்கே சுட்டது. சாலையோரத்து வீட்டுக் களத்தில் ஒரு அம்மா வேர்க்கடலை காய வைத்துக்கொண்டிருந்தாள். என்னையே பார்த்தவள் கிட்டே வந்து, "நீங்க பாத்திரக்கடைக்காரம்மா இல்ல? போன வைகாசில எங்க பொண்ணு சீருக்கு உங்க கிட்டதானே எடுத்தோம். உள்ள வாங்க, தண்ணியாவது குடிங்க" என்று கையைப் பிடித்தாள். மேல்சித்தாமூர் ஜெயின் குடும்பம். முகம் எனக்கு நினைவில்லை. கை பிடித்ததும் போனேன். கூட்ரோட்டில் நிற்கிறேன் என்பதே மறந்துவிட்டது.

துணியில் வடிகட்டிய தண்ணீரை ஒரு சொம்பில் கொடுத்தாள். சொம்பில் மணமக்கள் பேரும் முகூர்த்தத் தேதியும் வெட்டியிருந்தது. நம் கடை மெஷினில், நைனா ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம் அவர் கையால் வெட்டியது. எழுத்தின் வால் கொஞ்சம் நீளும், உனக்குத் தெரியும். "பொண்ணு நல்லா இருக்கறா, உங்க கைராசி" என்றாள் அந்த அம்மா. பிறகு சிரித்துக்கொண்டே, "அடுக்குல ஒரு மூடி மட்டும் சேரலக்கா. மாத்திக்கலாம்னு கடைக்கு வர இருந்தோம். அப்புறம் உங்க வீட்ல அன்னைக்கே இப்படி ஆயிப்போச்சின்னு சேதி வந்திச்சி. எப்படிக் கேக்கறதுன்னு விட்டுட்டோம்" என்றாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது.

வெளியே வந்தபோது வாத்தியார் போய்விட்டிருந்தார். நான் இல்லாத கூட்ரோட்டைத் தாண்டி நேராகப் போயிருக்கிறார். ஏரியில் எல்லாரும் காத்திருந்து, போன் போட்டார்கள். அவர் போன் சீட்டுக்கு அடியில் பெட்டிக்குள் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் தேடி, மேல்சித்தாமூருக்கு அந்தப் பக்கம் ஒரு பாலத்துக் கட்டையில் கண்டுபிடித்தோம். சார்ஜ் தீர்ந்து ஒரு கிலோமீட்டர் வண்டியைத் தள்ளியிருக்கிறார். சர்க்கரை இறங்கி விரலெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. மல்லிகா என் டப்பாவைத் திறந்து இட்லியைப் பிட்டு வாயில் வைத்தாள். கொஞ்சம் தெளிந்ததும் அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, நீ நின்னியா?"

"நின்னேன் சார். கையக் கூட ஆட்டினேன். நீங்கதான் பாக்காம போயிட்டீங்க" என்றேன்.

ஒரு நொடி யோசிக்கவில்லை, தம்பி. நாக்கு தானாகச் சொன்னது. அவர் என்னையே பார்த்தார். "அப்பிடியா. அப்ப கண்ணுதான் போயிடுச்சி" என்றார். அன்று சாயங்காலம் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போட்டார்: கண் சரியில்லை, இனிமேல் வரவில்லை, எல்லாருக்கும் நன்றி. மற்ற ஒன்பது பேரும் கும்பிடு போட்டார்கள். நானும் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவர் வீட்டம்மா குக்கர் வளையம் வாங்கக் கடைக்கு வந்தாள். வண்டியை விற்க ஆள் பார்க்கிறாராம். வெளியே போவதில்லையாம். "வாரம் பூரா அந்த ஞாயித்துக்கெழமைக்குத்தான் காத்துனு இருப்பாரு. இப்ப செவுத்தப் பாத்துனு உக்காந்திருக்காரு" என்றாள். வளையத்தை எடுத்துக் கொடுத்தேன். அன்று சாயங்காலம்தான் உன் போன் வந்தது. நீயும் நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி, நன்றாக இருக்கிற ஒன்றை விட்டுவிடப் போவதாகச் சொன்னாய். இரண்டும் ஒரே நாளில் வந்து விழுந்ததால்தான் எனக்கு உறைத்தது. தனித்தனியாக வந்திருந்தால் இதையும் மென்று முழுங்கியிருப்பேன்.

இது எனக்குப் புதுப் பழக்கம் இல்லை. பத்தாவது படிக்கும்போது நீயும் உன் கூட்டாளிகளும் சைக்கிளிலேயே திருவண்ணாமலை போய்வருகிறோம் என்று கேட்டீர்களே. "நைனா வேணாம்னுட்டாரு" என்று நான் சொன்னேன். நைனா சொன்னது என்ன தெரியுமா? "போவட்டும் விடு, வழியில டயர் பஞ்சரானாத்தான் ஊர் தெரியும்" என்றார். பயந்தது நான். நீ ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை. சாப்பிடும்போது அவர் தட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாய். அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, "ஆம்பளன்னா ரெண்டு திட்டு வாங்கறதுதான்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். ஹாஸ்டல் வேண்டாம் என்றது, தாத்தா நிலத்தை விற்கும்போது உன்னைக் கேட்க வேண்டாம் என்றது, எல்லாம் என் முடிவு. பேர் மட்டும் அவருக்கு. இந்த ஊரில் முக்கால்வாசிப் பொம்பளைகள் இப்படித்தான் குடும்பம் நடத்துகிறோம். நம் சொல்லுக்கு யாரும் மதிப்புத் தராததால் புருஷன் வாயில் போட்டுச் சொல்கிறோம். அது நியாயம் என்று சொல்ல வரவில்லை. உனக்கு நாளை கல்யாணம் ஆனால், உன் பெண்டாட்டி அவள் பேச்சை அவள் பேரிலேயே சொல்கிற மாதிரி வீட்டை வைத்துக்கொள். அறிவுரை என்று இந்தக் கடிதத்தில் இது ஒன்றுதான்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் நைனாவுக்கு ஆறாவது நாள். தேறிவிடுவார் என்று முந்தின நாள்தான் டாக்டர் சொன்னார். மேல்சித்தாமூர்க் கல்யாணத்துக்குப் பேர் வெட்டிய சீர்ப் பாத்திரமெல்லாம் கடையில் தயாராகக் கிடந்தது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் எடுத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். சீரை வேறு ஆளை விட்டுக் கொடுக்கிற வழக்கம் நம் கடையில் கிடையாது, உன் ஆத்தா, என் மாமியார் காலத்திலிருந்தே வீட்டுப் பெண்தான் குங்குமம் வைத்துக் கொடுக்க வேண்டும். பக்கத்துக் கட்டில்காரரின் பெண்டாட்டியிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் செஞ்சிக்கு வந்தேன். மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்கு. அவர்கள் ஒன்பது மணிக்கு வந்தார்கள், மாப்பிள்ளை வீட்டாரும் கூட. அடுக்குக்கு மூடி எண்ணிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, நைனா நம்பர்தான். எடுத்தால் அந்தக் கட்டில்காரரின் பெண்டாட்டி. "அக்கா, அண்ணன் போயிட்டாருக்கா" என்றாள்.

எதிரே கல்யாண வீட்டார் பத்துப் பேர் நிற்கிறார்கள். அந்தப் பெண்ணும் நிற்கிறாள், தலை நிறையப் பூ. அந்த நிமிடம் நான் வாயைத் திறந்திருந்தால் அந்தச் சீர் சீர் இல்லை. தாலியறுத்தவள் கையால் வாங்கினோம் என்று ஆயுசுக்கும் அவர்களுக்கு ஒரு முள் இருக்கும். போனை இடுப்பில் செருகினேன். மீதி மூடியை எண்ணினேன். குங்குமத்தைத் தொட்டுப் பானைக்கு வைத்தேன், அந்தப் பெண் நெற்றிக்கும் வைத்தேன். "நல்லா இரும்மா" என்று சிரித்தேன். வேன் கிளம்பும் வரை சிரித்துக்கொண்டே நின்றேன். அதற்குப் பிறகு என் முகம் என் பேச்சைக் கேட்கவில்லை. நீங்களெல்லாம் "அம்மா ஏன் அழல?" என்று ஆளாளுக்குக் கேட்டீர்கள். எனக்கே தெரியாததை நான் என்ன சொல்வது?

சாயங்காலம் நீ ஓசூரிலிருந்து வந்து இறங்கினாய். பெரியப்பா, சொந்தக்காரர்கள், தெருவே வாசலில். நீ என் தோளைப் பிடித்து, "நைனா கடைசியா இன்னா சொன்னாரு?" என்று கேட்டாய். புருஷன் சாகக் கிடக்கும்போது கடை திறக்கப் போனாள் என்ற பேச்சு அந்தக் கூட்டத்தில் கிளம்பினால் என்ன ஆகும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. உன் துக்கம் தோன்றவில்லை, மன்னித்துக்கொள். "கையப் புடிச்சிக்கினு, தம்பிய வந்து கடையப் பாத்துக்கச் சொல்லுன்னாருப்பா" என்றேன். பெரியப்பா தலையாட்டினார். நீ தரையில் உட்கார்ந்து அழுதாய்.

அது பொய், தம்பி. அவர் அப்படிச் சொல்லவில்லை. நான் அவர் கையைப் பிடித்திருக்கவில்லை. நீ திரும்பி வர வேண்டும் என்பது என் ஆசை. கூட்டத்தில் பயந்துபோய் வாயைத் திறந்தபோது அதுதான் வந்தது, எப்போதும் போல அவர் பேரில். உனக்கு அந்த வேலை கிடைத்த அன்று நைனா கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, "இந்த எவர்சில்வர் சத்தத்துல என் காது போச்சி. அவன் காதுக்கு அங்க சம்பளம் குடுக்கறாங்க" என்று சொன்னார். அதை மட்டும் சந்தேகமில்லாமல் அவர் சொன்னதாக எடுத்துக்கொள்.

நேற்று வாத்தியார் வீட்டுக்குப் போனேன். "சார், நான் நிக்கல. தண்ணி குடிக்க உள்ள போயிட்டேன். நின்னேன்னு பொய் சொன்னேன்" என்றேன். "அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்குதா?" என்று கேட்டார். "இருக்குது சார்." அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாம்மா நீ! மூணு நாளா கூடத்துக் கடைசியில நின்னுக்கினு நாள்காட்டியில ராகுகாலம் படிச்சி டெஸ்ட் பண்ணிக்கினு இருக்கறேன். தெரியுது, ஆனா தெரியறத நம்ப முடியல. நிக்கலன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு திட்டுத் திட்டிட்டு இட்லி துன்னுட்டு வந்திருப்பேன்" என்றார். திட்டு இரண்டோடு நிற்கவில்லை, கணக்கு வாத்தியார் அல்லவா, மிச்சம் வைக்காமல் திட்டினார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். வண்டியை விற்கவில்லை என்று சாயங்காலம் குரூப்பில் போட்டார். எனக்கு அதில் சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. ஆனால் இரவுச் சாப்பாட்டில் ரசத்துக்கு உப்பு குறைவு என்று தெரிந்தது.

நீ செஞ்சிக்கு வருவதானால் வா, இது உன் வீடு. ஆனால் நீ விரும்பி வர வேண்டும். செத்தவர் சொன்னார் என்று வராதே, அவர் சொல்லவில்லை. தனியாக இருக்கிறாளே என்றும் வராதே. என்னால் முடிகிற வரை கடையை நடத்துவேன், முடியாத நாளில் உன்னிடம் என் வாயாலேயே, என் பேரிலேயே சொல்வேன். திதிக்கு மட்டும் இரண்டு நாள் லீவு போட்டு வந்துவிடு. இதையெல்லாம் படித்த பிறகு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால், திதி முடித்து சாயங்காலமே கிளம்பு, தடுக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மேல்சித்தாமூர்தான். ஏரியை இன்னும் பார்க்கவில்லையே என்று வாத்தியார்தான் கேட்டார். அதே கூட்ரோட்டில் என்னையே நிறுத்த வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். கடையின் மேல்தட்டில் பத்து மாதமாக ஒரு மூடி தனியாகக் கிடக்கிறது. எந்தப் பாத்திரத்துக்கும் சேராமல், துடைத்துத் துடைத்து அங்கேயே வைத்துக்கொண்டிருந்தேன். அதை இப்போதுதான் வண்டிப் பெட்டியில் எடுத்து வைத்தேன். துண்டு தெரிந்து, வாத்தியார் திரும்பிய பிறகு, அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவேன்.

நைனா உண்மையில் கடைசியாகச் சொன்னதை நீ கேட்பாய், கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது கண்ணைத் திறந்தார். "மூடிய எண்ணிக் குடு. போன வாட்டி மாத்திக் குடுத்துட்ட" என்றார். நான் "தெரியும், நீங்க தூங்குங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னார், யாரைத் தேடினார் என்று எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை.

அம்மா